ஒரு தட்டு என்றால் ஓம்

மச்சான்,

இன்று காலை வாடகைக் கதிரைகளை ஏற்றும் வான் வண்டியைக் கழுவும்போது முன் இருக்கைக்குக் கீழே உன் கழுத்துத் துணி அகப்பட்டது. சத்திரசிகிச்சையில் குரல்வளையை எடுத்த பிறகு, மூச்சு விடுவதற்கென்று கழுத்தில் வைத்த துவாரத்தை மறைக்கக் கட்டிக்கொள்வாயே, அந்த வெள்ளைத் துணி. தைல வாசம் இன்னும் போகவில்லை. வாசம் தெருமுனைவரை அடித்தது என்று எழுதத்தான் கை வருகிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் புருவத்தை உயர்த்தியிருப்பாய். சரி, தெருமுனைவரை இல்லை. துணியை மூக்கில் வைத்து அழுத்தியபிறகுதான் வந்தது.

வானின் படியிலேயே குந்திவிட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மதிலால் எட்டிப் பார்த்து, "ஆர் யூ ஓகே?" என்றார். முழங்கால் நோகிறது என்று சொல்லி அனுப்பினேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

நம் இருவரின் கதை தெரியாத தமிழர் மெல்பனில் இல்லை; சொல்லி வைத்தவன் நான். ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நீ எஞ்சினியரிங் படிக்கப் போனாய். எனக்கு ஓ லெவல் பரீட்சையில் கணிதத்துக்கு வந்த புள்ளியைக் கண்டு பள்ளிக்கூடமே திகைத்தது. கூடவா குறையவா என்று நான் யாருக்கும் விளக்கம் கொடுப்பதில்லை. இங்கே வந்து நீ அரசாங்கத்தில் வடிகால் வரைந்தாய். நான் கதிரை வாடகைக்கு விடத் தொடங்கினேன். கலியாணமோ செத்தவீடோ, இந்த ஊரில் ஒரு தமிழன் கூட்டத்தில் இருந்தெழும்புகிறான் என்றால் அது என் கதிரையிலிருந்துதான்.

உன்னை நான் சும்மா வடிகால்காரன் என்று யாருக்கும் அறிமுகப்படுத்தியதில்லை. மெல்பனின் யாரா ஆற்றுக்கு மேலே காரில் போகும்போதெல்லாம், பின்னால் இருப்பவர்களுக்கு, "இந்தப் பாலம் இவன் கட்டினதுதான்" என்பேன். நீ யன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான் அதுக்குக் கீழ போற மழைத்தண்ணிக் குழாயைத்தான் பாத்தனான்" என்பாய். குழாய் இல்லாவிட்டால் பாலம் நிற்குமா என்று நான் விடமாட்டேன். "நிக்கும்" என்பாய். உன்னோடு பேசி வெல்லவே முடியாது. பேசுவதே இல்லையே நீ.

பிறகு நீயும் உன் பல்கலைக்கழகக் கூட்டாளிகளும் சேர்ந்து எஞ்சினியர்மார் சங்கத்துக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினீர்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவி; வருடத்தில் ஒரு வாரவிடுமுறை த பேசின் என்ற மலையடி ஊரில் மாணவர்களுக்குத் தலைமைத்துவப் பட்டறை. எஞ்சினியரிங் பட்டம் இல்லாதவர் அங்கத்தவராக முடியாது என்பது சங்கத்தின் விதி. கதிரையும் மைக்கும் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது என்பது அதைவிடப் பெரிய விதி. அந்த வழியால்தான் நான் உள்ளே வந்தேன்.

முதலாவது பட்டறை நினைவிருக்கிறதா? "மைக் டெஸ்டிங்" என்று தொடங்கியவன், மாணவர்களைக் கண்டதும் நிற்க முடியாமல் தலைமைத்துவம் பற்றி ஓர் உரையே நிகழ்த்திவிட்டேன். மன்னார் றோட்டில் பிறேக் அறுந்த பஸ்ஸைச் சனம் நிரம்ப நான் ஓட்டிக் காப்பாற்றிய கதை. பின்வரிசைப் பெடியன் ஒருவன், "இஸ் திஸ் ட்ரூ, அங்கிள்?" என்று கேட்டான். நீ எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினாய்.

"பிள்ளையள், நாங்கள் பாலம் கட்டேக்க, வரப்போற பாரத்தை ரெண்டால பெருக்கிப் பாத்துத்தான் கட்டுறனாங்கள். இவன் கதை சொல்லேக்க நீங்கள் ரெண்டால பிரிச்சுக் கேளுங்கோ. அப்ப ஒருத்தருக்கும் ஆபத்தில்லை."

"அப்ப பஸ்ஸுக்குப் பாதி பிறேக் இருந்ததோ, அங்கிள்?" என்றான் அதே பெடியன்.

மண்டபம் அதிர்ந்தது. நீ மைக்கைப் பிடித்தபடியே சிரித்ததில் அது கீச்சிட்டு எல்லாரும் காதைப் பொத்தினார்கள். உன் குரல் அவ்வளவு பலமாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதன்பிறகு சங்கத்தில் அது வழக்கமாகவே போய்விட்டது. நான் வாய் திறந்தால், "அண்ணை, இது பிரிச்சதோ, பிரிக்காததோ?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். எந்த எஞ்சினியருக்கு அங்கே சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது?

தொண்டையில் வந்தது புற்றுநோய் என்று சொன்ன அன்று நீ அழவில்லை. நான்தான் டொக்டருக்கு முன்னால் மூக்கைச் சிந்தினேன். அவர் என்னைத்தான் நோயாளி என்று நினைத்து முதுகைத் தடவினார். சத்திரசிகிச்சை முடிந்து வந்தபோது குரல் இல்லை. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று தந்தார்கள். உன் பேத்தி அந்தச் சத்தத்துக்குப் பயந்து குசினிக்குள் ஓடி ஒளிந்தாள். அன்றே அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாய்.

அடுத்த மாதம் உதவி கேட்டு வந்த மாணவர்களுக்கு நேர்முகம். உன்னை விட்டு நடத்தச் சங்கத்துக்கு மனமில்லை. போனில் எழுதிக் காட்டலாமே என்று செயலாளர் மீனா சொன்னாள். நீ உடனே எழுதிக் காட்டினாய்: "அப்ப பிள்ளையள் போனைத்தான் பாப்பினம். என்னைப் பாக்கமாட்டினம்." பிறகு என் பக்கம் கையை நீட்டினாய். மச்சான், மெல்பனில் எத்தனையோ படித்தவர்கள் இருக்க, நீ உனக்கு வாயாக எடுத்தது என்னை. உலகத்தில் மிகக் குறைவாகப் பேசுகிற மனிதனுக்கு நான் வாய்!

ஏற்பாடு சுலபம். கேள்வியைத் துண்டில் எழுதித் தருவாய், நான் வாசிப்பேன். பதிலைக் கேட்டு நீ மேசையில் விரலால் தட்டுவாய். ஒரு தட்டு என்றால் ஓம். இரண்டு என்றால் இல்லை. உள்ளங்கையைப் பரத்தி வைத்தால் பொறு, யோசிக்க வேண்டும். கிளேட்டனில் அந்தச் சின்ன மண்டபத்தின் பக்க அறையில் நாங்கள் மூவரும், நீ நடுவில், மீனா ஒரு கரையில், நான் மறு கரையில். முதல் வந்த பெடியன் ஏதோ சொன்னான், நீ ஒரு தட்டுத் தட்டினாய்.

"ஐயா சொல்லுறார், இப்பிடி ஒரு மறுமொழியை அவர் தன்ர சீவியத்தில கேட்டதில்லையாம். உம்மட தாய்தேப்பன் குடுத்து வச்சவையாம்" என்றேன்.

நீ மேசைக்குக் கீழே என் காலை உதைத்தாய்.

"அங்கிள், அவர் ஒரு தட்டுதானே தட்டினாரு?" என்றாள் மீனா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, விடாது.

"அது அமத்தித் தட்டின தட்டு, பிள்ளை."

"தோள் குலுங்குது பாருங்க, சிரிக்கிறார்!" என்று அவளும் சிரித்துவிட்டாள். அந்தப் பெடியன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான், பாவம்.

கடைசியாக வந்தவள்தான் நிலானி. சின்ன வயதில் தாயோடு படகில் வந்த பிள்ளை. பள்ளிப்படிப்பு முழுவதும் இங்கேதான். தாய் மரக்கறி பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சிவில் எஞ்சினியரிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் கையில் இருந்தது நிரந்தர விசா அல்ல, வழக்கு முடியும்வரை தந்த தற்காலிக விசா. அரசாங்கக் கடன் எடுக்க முடியாது. வெளிநாட்டுப் பிள்ளைக்குரிய கட்டணத்தில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்யச் சம்மதித்திருந்தது. மிச்சத்துக்கு யாராவது பொறுப்பு நின்றால்தான் இடம். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அறக்கட்டளை விதியில் நிரந்தர விசா வேண்டும் என்று இருந்தது. அந்த விதியை எழுதியவனே நீ. கஞ்சத்தனத்தில் எழுதவில்லை, எனக்குத் தெரியும். முன்பு ஒரு பெடியனைப் படிப்பித்து, அவன் பாதியில் இருக்கும்போது விசா மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். விமான நிலையத்துக்கு அவனை ஏற்றிப்போனது என் வான். அடுத்த கூட்டத்தில் அந்த விதியைக் கொண்டுவந்தாய்.

நிலானிக்கு நீ எழுதித் தந்த கேள்வியை நான் அப்படியே வாசித்தேன். சேர்க்க ஒன்றும் வரவில்லை. "பாதியில போகச் சொன்னா என்ன செய்வீர்?"

அவள் உன்னைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அப்ப பாதி படிச்சிருப்பன், அங்கிள்" என்றாள்.

நீ தட்டவில்லை. உள்ளங்கையை மேசையில் பரத்தி வைத்தாய். வைத்த கையை எடுக்கவேயில்லை.

வானில் வரும்போது ஒரு துண்டை எடுத்து எழுதி என் பக்கம் நீட்டினாய். சிவப்பு விளக்கில் வாசித்தேன். "அரைவாசியில நிண்ட பாலத்தால ஒருத்தரும் அக்கரைக்குப் போகேலாது."

"அது பாலம், மச்சான்" என்றேன். "அரைப் படிப்புப் படிச்சவன் என்ன கெட்டுப்போனான்? என்னைப் பார். மெல்பனையே இருத்தி வச்சிருக்கிறன்."

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு சிரித்தாய். சத்தமில்லை, கழுத்துத் துணி மட்டும் புஸ் புஸ் என்று எழும்பி எழும்பித் தணிந்தது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். துணியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாய். அன்றைக்கு விழுந்ததாகத்தான் இருக்கும், இன்று எடுத்த துணி.

அந்த வாரமே உனக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேனா பிடிக்கக் கையில் பலமில்லை. ஒரு பின்னேரம் உன் மனிசி காரைத் தள்ளி நிறுத்தக் கீழே போனா. நானும் நீயும்தான். வழமைபோல ஊர்ப் புதினமெல்லாம் சொன்னேன், எல்லாவற்றையும் கொஞ்சம் பெருப்பித்து. நீ கண்ணை மூடியபடி கேட்டாய். அப்போதுதான் நான் கேட்டேன்: "மச்சான், அந்தப் பிள்ளைக்குக் குடுப்பமோ?"

கண்ணைத் திறந்தாய். கட்டிலின் கம்பியில் உன் விரல் ஒருமுறை தட்டியது.

நான் காத்திருந்தேன். இரண்டாவது வந்தால் இல்லை என்று அர்த்தமல்லவா? விரல் கம்பியிலேயே இருந்தது. நீ என்னைப் பார்த்தபடியே இருந்தாய். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலைப் பார்த்தபடியே இருந்தேன். பிறகு உன் கண் மூடியது, நித்திரையாகிவிட்டாய். மறுநாள் நீ இல்லை.

உன் செத்தவீட்டுக்கு வந்த சனத்தைப் பற்றி நான் கதை கட்டத் தேவையில்லாமல் போய்விட்டது. ஸ்ரோர் அறையில் இருந்த கதிரை எல்லாவற்றையும் இறக்கினேன். அதற்குப் பிறகும் ஆட்கள் நின்றார்கள். நானும் நின்றேன். என் கதிரையில் எனக்கு இடமில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை சங்கம் கூடியது. உன் இடத்தில் சிறி என்பவனைத் தலைவராக்கியிருந்தார்கள். தண்ணீர்த் துறை எஞ்சினியர், நல்ல பெடியன், உன்னிடம் பயம் உள்ளவன். நான் கதிரைகளை விரித்துவிட்டுக் கதவடியில் நின்றேன். நிலானியின் பெயர் வந்தது. "பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனால் விதி ஐயா எழுதினது. அவர் போய் ஒரு கிழமையில நாங்கள் அதை மாத்துறது சரியில்லை" என்றான் சிறி. தலைகள் ஆடின. மறுத்து யார் பேசுவார்கள்? உன் படம் மாலையோடு மேசையில் இருந்தது.

"அவர் மாத்தச் சொன்னவர்" என்றேன் கதவடியிலிருந்து.

எல்லாரும் திரும்பினார்கள். யாரோ மெல்லச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பழகின சிரிப்பு.

"அண்ணை, கோவிக்காதேங்கோ" என்றான் சிறி. "இது பிரிச்சதோ, பிரிக்காததோ?"

மச்சான், எத்தனை வருடம் நான் ரசித்த பகிடி அது. அன்றைக்கு நெஞ்சில் உதைத்த மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளையின் படிப்புக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி நான். இந்த ஊரில் யாருடைய சாட்சியும் செல்லும், என்னுடையதைத் தவிர.

"ஒரு தட்டை எப்பிடியடா தம்பி ரெண்டால பிரிக்கிறது?" என்றேன்.

நான் முன்னால் வந்து நடந்ததைச் சொன்னேன். பின்னேரம். கட்டில் கம்பி. கேட்டேன். ஒருதரம் தட்டினார். அவ்வளவுதான். நீ அழுதாய் என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்தாய் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் உன்னியது, உன்மேல் ஆணையாக.

சிறி விடவில்லை. எஞ்சினியர் அல்லவா, ஓட்டையைத்தான் தேடுவான். "ரெண்டாவது தட்டுக்குப் பலமில்லாமல் போயிருக்கலாம், அண்ணை. அதை யோசிச்சனீங்களோ?"

"ஓம். யோசிச்சனான்."

"என்ன நினைக்கிறியள்?"

கோயில் மூன்றின் பேரில் சத்தியம் செய்திருப்பேன், வேறொரு நாளென்றால். அன்று மாலைக்குள்ளிருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தெரியாது" என்றேன். "நான் பாத்துக்கொண்டு இருந்தனான். ரெண்டாவது வரேல்லை. அதுக்குமேல எனக்குத் தெரியாது."

பிறகு மீனா பேனாவைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷத்துல அங்கிள் 'தெரியாது'ன்னு சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். "நான் கேட்டதில்ல. எனக்கு இது போதும்."

அவள்தான் முதலில் கையை உயர்த்தினாள். பிறகு அங்கொன்று இங்கொன்றாக எழும்பின. சிறி கடைசியாக உயர்த்தினான், உன் படத்தைப் பார்த்துக்கொண்டே. நான் அங்கத்தவன் இல்லை. ஆனாலும் என் கையும் மேலே இருந்ததாம். மீனாதான் பிறகு சொன்னாள்.

நிலானி இப்போது இரண்டாம் வருடம். வழக்கு இன்னும் முடியவில்லை. தாயும் மகளும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நீ பயந்தது நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது.

போன வாரம் பல்கலைக்கழகத்தில் ஒரு விழாவுக்குக் கதிரை கொண்டுபோனேன். புல்தரையில் மஞ்சள் அங்கி போட்ட பிள்ளைகள் முக்காலிக் கருவியை வைத்து நிலமட்டம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிலொன்று என்னைக் கண்டு ஓடிவந்தது. நிலானி. வெயிலில் கறுத்து, சப்பாத்தெல்லாம் சேறு.

"அங்கிள், கனநாளாக் கேக்க வேணும் எண்டு இருந்தனான். அவர் என்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

மச்சான், பதில்கள் வரிசையாக வந்து நின்றன. இப்படி ஒரு பிள்ளையைத் தன் சீவியத்தில் கண்டதில்லை என்றார். ஒருநாள் இந்த நாட்டையே நீ ஆளுவாய் என்றார். உன்னை நினைத்துக் கண்ணீர் விட்டார். எதைச் சொல்லியிருந்தாலும் அவள் அதைச் சாகும்வரை வைத்திருந்திருப்பாள். காலை உதைக்க ஆளில்லை. புருவத்தை உயர்த்த ஆளில்லை. அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நீ இருந்தவரை நான் எவ்வளவும் அள்ளிப் போட முடிந்தது. வெட்டிச் சரியாக்க நீ இருந்தாய். இனி நான் போட்டது போட்டபடி கிடக்கும். அதையே நீ என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

"ஓம் எண்டவர், பிள்ளை" என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

என்னைத் தெரிந்த பிள்ளை. இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றது. ஒன்றும் வரவில்லை. முகம் சற்று வாடியதைப் பார்த்தேன். "தாங்ஸ், அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கருவியில் கண்ணை வைத்தாள். நான் கதிரைகளை இறக்கத் தொடங்கினேன்.

மற்ற எல்லாருக்கும் உன்னைப் பெருப்பித்துத்தான் சொல்லித் திரிகிறேன். அது என்னோடுதான் போகும். அந்தப் பிள்ளைக்குரியதை மட்டும் நீ தந்த அளவிலேயே வைத்திருக்கிறேன். அவள் இன்னொரு நாள் கேட்பாள், முகம் வாடும், நான் அதையேதான் சொல்வேன். இவ்வளவு காலமும் கதிரை தூக்கின தோள் இது, மச்சான். ஒன்றும் கூட்டாமல் சுமக்கிறதுதான் இதற்குப் பாரமாக இருக்கிறது.